மெஷின் கோளாறு

எனக்கு ரத்தப் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் அடங்கிய குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் போட்டால் நோய் விழித்துக்கொள்ளும் என்ற நினைப்பு போல. எனக்கு எரிச்சலாக வரும். ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காலத்தைக் கழித்து, கண்டவர்களிடமும் வசவு வாங்கியவள் நான். சத்தம் எனக்குப் பழக்கம்.

என் அண்ணன் மட்டும்தான் பழையபடி கத்தினான். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, காதில் ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். எனக்கு நரை விழுந்து, மருந்தில் அந்த நரையும் கொட்டி, தலை மொட்டையாகிவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவன் அவன். அதை ஒருநாளும் அவன் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

நான் இருப்பது ஒரு கண்ணாடி அறை. இரண்டு கதவுகள். ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். கூரையில் காற்றைச் சலித்து அனுப்பும் விசிறி ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய போனை எடுத்துப் பேச வேண்டும். ஜெயிலில் கைதியைப் பார்க்க வருவதும் இப்படித்தான் இருக்கும். கைதிக்காவது வெளியே போகும் தேதி தெரியும்.

டாக்டரம்மா எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். முதலில் கடுமையான மருந்து கொடுத்து என் எலும்பு மஜ்ஜையைத் துடைத்தெடுப்பார்கள். பிறகு அண்ணன் ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை எனக்கு ஏற்றுவார்கள். அவை எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது ரத்தத்தை உண்டாக்கும்.

"உங்க அண்ணன் உங்களுக்குப் பாதிதான் பொருந்தறார். அதுல ஒரு லாபமும் இருக்கும்மா," என்றார்.

"பாதியில என்ன டாக்டர் லாபம்?"

"ரத்தத்துல இயற்கைக் கொல்லி செல்னு ஒரு வகை இருக்கு. போற வர்ற செல்லையெல்லாம் நிறுத்தி அடையாள அட்டை கேக்கும். தனக்குப் பழக்கமான அட்டை இருந்தா விட்டுடும். இல்லேன்னா கொன்னுடும். உங்க புற்று செல்லுங்க கிட்ட, உங்க அண்ணனோட கொல்லிங்க தேடற அட்டை இல்ல."

முழுசாகப் பொருந்தியிருந்தால் அவன் கொல்லிகளும் என் புற்றைச் சொந்தக்காரன் என்று நினைத்துச் சும்மா விட்டிருக்குமாம். பொருத்தமில்லாததை யாராவது பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனிடம் சொன்னேன். "பாத்தியா, சின்ன வயசுலேர்ந்து உனக்கும் எனக்கும் ஆகவே ஆகாதுன்னு சொல்லிட்டே இருப்பேனே," என்று கத்திச் சிரித்தான்.

ஸ்டெம் செல் வேலை நன்றாகவே நடந்தது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே பயந்து கிடந்த வாரங்களுக்குப் பிறகு புது ரத்தம் ஊற ஆரம்பித்தது. என் ரத்த வகைகூட அவனுடையதாக மாறிவிடும் என்றார்கள். "இனிமே நீ கோவப்பட்டா கொதிக்கறது என் ரத்தம். பாத்துக் கோவப்படு," என்றான் அண்ணன்.

அப்புறம் ஒரு நுட்பமான பரிசோதனை செய்தார்கள். புற்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாத்திரம் கழுவிய பிறகும் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசுக்கு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவு. அதை விட்டுவைத்தால் பழையபடி பெருகும். அதைத் துடைக்கத்தான் அண்ணனுடைய கொல்லிகள் வேண்டும். அவனை மறுபடி ரத்தம் பிரிக்கும் மெஷினில் உட்கார வைத்து அவற்றைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் உசுப்பேற்றி, எனக்கு ஏற்றுவதாக ஏற்பாடு.

"அதுக்கு முன்னாடி இன்னொரு மருந்து கொடுத்து உங்க உடம்புல இடம் பண்ணணும். அந்த இடம் ரெண்டு வாரம் போலத்தான் திறந்திருக்கும். அதுக்குள்ள செல்லை ஏத்திடணும்," என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை அந்த மருந்தை உங்க ஈரல் தாங்காது."

மருந்து ஏறியது. என் உயிர் அந்த இரண்டு வாரத்தில் நின்றது. இதற்கு மேல் என் நோயைப் பற்றி யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

ஆய்வகத்தில் கொல்லிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். நான் அவளுக்குக் கொலைகாரி என்று பெயர் வைத்திருந்தேன். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், போனில் "அக்கா, கொலைகாரி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். என்னிடமிருந்து ஆரம்பத்திலேயே எடுத்த புற்று செல்கள் அவள் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தன. கொல்லிகள் வந்ததும் அதில் கொஞ்சத்தை உருக்கி எடுத்து, இரண்டையும் ஒரே தட்டில் விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பாள். புற்று செல் செத்தால் சிவப்பாக ஒளிரும்படி சாயம் கலந்திருக்கும். போதுமான அளவு சிவப்பு தெரிந்தால்தான் எனக்கு ஏற்ற அனுமதி.

அண்ணன் வந்து இரண்டு கையிலும் ஊசியோடு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கையில் ரத்தம் போகும், பிரித்தது போக மீதி அடுத்த கை வழியாகத் திரும்பும். "ஸ்டியரிங் இல்லாம இவ்ளோ நேரம் உக்காந்தது என் வாழ்க்கையிலயே இதான்," என்று நர்ஸிடம் புலம்பினானாம்.

மறுநாள் டாக்டரம்மா உள்ளே வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"செல்லெல்லாம் உயிரோடதான் இருக்கு. ஆனா கொல்லல."

"கொல்லலேன்னா?"

"புற்று செல் பக்கத்துல போய் நிக்குது. சும்மா நிக்குது. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தா இப்படி ஆகும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கறதுதான். உங்க அண்ணன் எந்த மருந்தும் எடுக்கலேன்னுதான் சொன்னார். நீங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

அன்று சாயங்காலம் அண்ணி மட்டும் வந்திருந்தாள். போனை எடுத்ததும் நேராகக் கேட்டேன். அவள் முகம் மாறியது.

"சிமெண்டு தூசில அவருக்கு மூச்சு இழுக்குமே, உனக்குத் தெரியாதா? ஸ்டெம் செல் எடுக்கறதுக்காக மொதல்ல டெஸ்டுக்கு வந்தப்ப, முன்னாடி உக்காந்திருந்த ஆளை இருமினார்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதைப் பாத்ததுலேர்ந்து இவருக்கு பயம் புடிச்சுக்கிச்சு. நம்மளையும் அனுப்பிட்டா பாப்பா என்ன ஆவான்னு ஒரே புலம்பல். லோடு ஏத்தற இடத்துல எவனோ ஒரு மாத்திரை சொல்லியிருக்கான். போட்டா மூச்சு இழுக்காதாம். நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். ஸ்டெம் செல் எடுத்தப்பவும் அதைப் போட்டுட்டுதான் வந்தாரு. அப்ப ஒண்ணும் ஆகலையே."

அப்போது ஒன்றும் ஆகாதுதான். ஸ்டெம் செல்லுக்கு அந்த மாத்திரையால் கெடுதல் இல்லை. கொல்லிகளைத்தான் அது தூங்க வைத்துவிடும். எனக்காகத் தின்ற மாத்திரை என் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு தடவை அண்ணன் லாரியைப் பின்னால் எடுக்கும்போது, கூட வேலை செய்தவரின் காலில் ஏற்றிவிட்டான். அவர் கால் சீக்கிரமே கூடிவிட்டது. அண்ணன்தான் கூடவில்லை. ஒரு வருஷம் வண்டிச் சாவியைத் தொடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பான். வேறு யாரோ ஒருவரின் காலுக்கே அப்படி. தங்கையின் உயிர் என்றால்?

டாக்டரம்மாவிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். கூடவே, அவனிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

"சொல்லாம எப்படிம்மா? அஞ்சாறு நாள் மாத்திரை இல்லாம இருந்தா கொல்லிங்க முழிச்சுக்கும். நமக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா அவர் நிறுத்தணுமே."

"அண்ணி மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அவனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சுடுவான் டாக்டர். அப்புறம் மெஷின் பக்கமே வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்."

"எனக்கு இது சரியாப் படல."

"நான் பொறுப்பு," என்றேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். எந்த மாத்திரையும் போடக் கூடாதுன்னு பொதுவா சொல்லி வைக்கறேன். மத்ததை நீங்க பாத்துக்குங்க."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். என்னிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் குறைவு. அண்ணியிடமும் மாத்திரையைக் குப்பையில் போடு, அண்ணனிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பொய் ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. புகார்ப் பிரிவில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். யார் தப்பு என்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது. சிஸ்டத்தில் கோளாறு, சரி பண்ணிக்கொண்டிருக்கிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். சிஸ்டத்துக்கு மானம் ரோஷம் கிடையாது. பழியை அதன் தலையில் போட்டால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

"மெஷின்ல ஏதோ கோளாறாம்ணா," என்றேன். "எடுத்ததெல்லாம் வீணாப் போச்சு. இன்னொரு தடவை எடுக்கணுமாம்."

"அதானே பாத்தேன்," என்றான் அண்ணன். "என் வண்டி வாரா வாரம் நிக்கும். நான் அதைத் திட்டிக்கிட்டே இருப்பேன். இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி மெஷினும் அப்படித்தானா? சரி விடு. இன்னொரு தடவைதானே, எடுத்துக்கட்டும்."

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி எடுத்தார்கள். ஊசி போடும் முன் டாக்டரம்மா அவனிடம் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றான். அதற்கு அடுத்த நாள் கொலைகாரி போன் செய்யவில்லை. நேரே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வார்டுப் பக்கம் எட்டியே பார்க்காதவள். கோபத்தில் போனைப் பிடுங்கி எடுத்தாள்.

"அக்கா, போன தடவையாவது பக்கத்துல போய் நின்னுச்சு. இந்தத் தடவை அதுவும் இல்ல. தட்டு முழுக்கத் தேடிட்டேன், அங்கங்கே ஒண்ணு ரெண்டு சிவப்பு. அது தானா செத்தது. என்னதான் நடக்குது உங்க வீட்டுல?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அண்ணி சத்தியம் செய்திருந்தாள், மாத்திரை மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டதாக.

மத்தியானம் அண்ணன் வந்து உட்கார்ந்தான். பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தான்.

"பாப்பா, இந்தத் தடவை நான் எப்படி இருந்தேன்னு கேளு. ஒரு இருமல் இல்ல, ஒரு இழுப்பு இல்ல. உங்க அண்ணி மாத்திரையை எங்கயோ தொலைச்சுட்டா. கேட்டா முழிக்கறா. அவளை நம்பினா ஆகுமா? நானே போய் வாங்கிட்டேன். ரெண்டு மடங்கா போட்டேன். போன தடவை மெஷின் கெட்டுச்சு. இந்தத் தடவை என் பக்கம் ஒரு குறையும் வரக் கூடாதுல்ல?"

"டாக்டர் கேட்டாங்களே. ஏன் சொல்லல?"

"சொன்னா மூச்சிரைப்புன்னு அனுப்பிடுவாங்க. அவங்களுக்கு என்ன, வேற ஆளைப் பாருன்னுடுவாங்க. உனக்கு வேற ஆளா இருக்கு?"

எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. நடுவில் கண்ணாடி. அவன் மேல் கோபம், அண்ணி மேல் கோபம், இளகிப்போன டாக்டரம்மா மேல் கோபம். எல்லாவற்றையும் விட, எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேனே, அந்த மொட்டைத்தலை மேல்தான் அதிகம். போனை வைத்துவிட்டேன். களைப்பாக இருக்கிறேன் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனான்.

டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து நிலைமையைச் சொன்னார். மருந்தால் திறந்த இடம் மூடிக்கொண்டு வருகிறது. மிச்சம் இருந்த புற்று ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டு மடங்கு போட்டுவிட்டதால், அண்ணன் மாத்திரை இல்லாமல் பத்து நாளாவது இருந்தால் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம். சின்ன வாய்ப்புதான்.

"இந்தத் தடவை அவர்கிட்ட சொல்லியே ஆகணும். நான் சொல்றேன்."

"வேண்டாம் டாக்டர். நானே சொல்றேன்."

சொன்னேன். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை, அந்த மாத்திரைதான் உன் கொல்லிகளை இரண்டு தடவையும் தூங்க வைத்தது என்றேன். பாதி உண்மையைத்தான் சொன்னேன். அது எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. போனைக் கொக்கியில் மாட்டாமல் நாற்காலி மேல் வைத்துவிட்டு எழுந்து போனான். நான் என் பக்கத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். நடைபாதையில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அப்புறம் அவன் வரவில்லை. லாரியை டிப்போ ஓரமாக நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்துக்கிடப்பதாக அண்ணி சொன்னாள். சாப்பாடு கொண்டுபோனால் கதவைத் திறப்பதில்லையாம். நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா, அவன் உடைந்துவிடுவான் என்று? இதைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது, நான் சொன்னது சரியாகிவிட்டதில் எனக்கு ஒரு அற்ப திருப்திகூட வந்தது.

ஆனால் நான் சொன்னது சரியில்லை. சரியாகப் பத்தாம் நாள் அவன் வந்தான். இருமிக்கொண்டே வந்தான். மூச்சு இழுக்கும் சத்தம் மெஷின் அறை முழுக்கக் கேட்டதாம். எதையும் ஒளிக்கவில்லை. டாக்டரம்மா மூச்சுக் குழாயை விரிக்கும் பம்ப் ஒன்றை மட்டும் கொடுத்தார். அது கொல்லிகளை ஒன்றும் செய்யாதாம். முதல் நாளே கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். ஊசி குத்தும்போது அண்ணன் கை நடுங்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அப்படியென்றால், முதல் தடவையே நான் சொல்லியிருந்தாலும் கொஞ்ச நாள் லாரியில் கிடந்துவிட்டு இதே மாதிரி வந்து கையை நீட்டியிருப்பான். எனக்கு அவனைத் தெரியும் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். தெரியவே தெரியாது.

மறுநாள் கொலைகாரி ஓடி வந்தாள். தன் போனைக் கண்ணாடியில் வைத்து ஒரு படத்தைக் காட்டினாள். தட்டு முழுக்கச் சிவப்பு.

"அக்கா, இந்த மாதிரி செல்லை நான் பாத்ததே இல்ல. எதையும் மிச்சம் வைக்கல."

அன்று பிற்பகல் ஏற்றினார்கள். கலங்கிய தண்ணீர் மாதிரி ஒரு சின்னப் பை. ஏறி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. உள்ளே அவை வேலை செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு அந்தக் காய்ச்சலோடு சந்தோஷமாகப் படுத்திருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்ததில்லை.

"கொல்லிங்க நல்லா வேலை செஞ்சுது. ஆனா இடம் மூடிட்டதால அதுங்க பெருகல. புற்று அதுக்குள்ள ரொம்பப் பெருகிடுச்சு. ஒண்ணு ஒண்ணா கொன்னு தீர்க்கற அளவுல இப்ப இல்ல. மொதல் தடவையே இது கிடைச்சிருந்தா," என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், வீட்டுக்குப் போகலாம் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன், அவரும் சொன்னார். இங்கே அதை எழுதப்போவதில்லை.

அண்ணன் அன்றைக்கே வந்தான். அந்தச் சிவப்புப் படத்தைக் கொலைகாரியிடம் கேட்டு வாங்கித் தன் போனில் வைத்திருந்தான். கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான்.

"பாத்தியா பாப்பா? இவ்ளோவும் செத்ததாம். என் செல்லு கொன்னதாம். லோடு ஏத்தற இடத்துல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். எப்ப வீட்டுக்கு விடுவாங்க?"

"விடறாங்க. இந்த வாரமே."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எனக்கு வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் நான் போன பிறகு யாராவது அவனிடம் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அவனே போட்டுக்கொள்வான். முழுப் பழியும் அந்த மாத்திரை மேல், அவன் மேல் விழும். தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பான், இந்தத் தடவை ஒரு வருஷத்தோடு போகாது.

"குணமானதால விடல அண்ணா," என்றேன். "புற்று ரொம்ப ஏறிடுச்சு. உன் செல்லு நல்ல செல்லுதான். லேட்டா வந்துடுச்சு."

அவன் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

"மாத்திரையாலயா?"

"மொத தடவை மாத்திரையால. ரெண்டாவது தடவை என்னால. மொத தடவையே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாங்க. அண்ணியும் சொன்னாங்க. எனக்கு எல்லாம் தெரியும். நீ தாங்கமாட்டேன்னு நான்தான் மெஷின் மேல பழியைப் போட்டேன். அண்ணி வாயையும் நான்தான் மூடினேன். அவங்களைத் திட்டாதே."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. வழி தவறி வந்த வண்டிக்காரன் எந்தத் திருப்பத்தில் விட்டோம் என்று யோசிப்பது மாதிரி, தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனே பாப்பா," என்றான்.

ஆமாம். போட்டிருக்க மாட்டான்.